“அன்லிமிடெட்” வேண்டாம், ஒரு எண்ணைச் சொல்லுங்கள்

சர்வர் வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கு,

வணக்கம். உங்களிடம் மாத வாடகைக்குச் சின்னச் சின்ன வி.பி.எஸ். (பெரிய சர்வரில் பிரித்துத் தரும் ஒரு பங்கு) எடுத்து, அதில் டோர் ரிலே ஓட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். டோர் என்பது இணையத்தில் யார் எங்கே போகிறார் என்பதை மறைக்கும் நெட்வொர்க், ரிலே என்பது அதன் டிராஃபிக்கை வாங்கி அடுத்த கைக்குக் கடத்திவிடும் சர்வர். இதில் எங்களுக்கு வருமானம் கிடையாது. வாடகை கைக்காசு, பராமரிப்பு ராத்திரி தூக்கம். உங்கள் விலைப்பட்டியலில் கொட்டை எழுத்தில் ‘அன்லிமிடெட் டிராஃபிக்’ என்று போட்டிருக்கிறீர்களே, அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு எண்ணைப் போடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். எண் சின்னதாக இருந்தாலும் சரி, கோபித்துக்கொள்ள மாட்டோம். எண்ணே சொல்லாமல் விட்டுவிட்டு ஒரு நாள் திடீரென்று ‘தாண்டிவிட்டாய்’ என்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் இல்லை. ஒரு கிகாபிட் போர்ட் (வினாடிக்கு அவ்வளவு போகும் இணைப்பு), அன்லிமிடெட் டிராஃபிக் என்று போட்டிருந்த ஒரு திட்டத்தை எடுத்தேன். எடுப்பதற்கு முன்பே சப்போர்ட்டுக்கு எழுதி, டோர் ரிலே வைக்கலாமா, இணையதளங்களைத் தொடும் வெளியேறும் ரிலே இல்லை, நடுவில் நிற்கிற ரிலேதான் என்று கேட்டு, ‘தாராளமாக’ என்று பதிலும் வாங்கி வைத்திருந்தேன். அப்புறமும் அடக்கி வாசிப்போம் என்று வினாடிக்கு 4 மெகாபைட்டுக்கு (எட்டு பிட் ஒரு பைட், ஆக 32 மெகாபிட்) மேல் போகக்கூடாது என்று ரிலேக்கு நானே கடிவாளம் போட்டேன். அந்தப் போர்ட்டின் மொத்தத் திறனில் அது மூன்று சதவீதம் சொச்சம். இரண்டு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. எழுபத்துச் சொச்சமாவது நாள், நடுராத்திரி தாண்டி ஒரு மெயில்: ‘நியாயமான பயன்பாட்டு அளவைத் தாண்டியதால் உங்கள் சேவை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.’

காலையில் சப்போர்ட்டுக்கு டிக்கெட், அதாவது கேள்வி மனு, போட்டேன். நியாயமான அளவு என்றால் எவ்வளவு என்று கேட்டேன். மற்ற வாடிக்கையாளர்களைப் பாதிக்காத அளவு என்று பதில் வந்தது. சரி, அது எத்தனை டெராபைட்? அப்படி நிலையான எண் எதுவும் கிடையாது. எண்ணே கிடையாது என்றால் நான் எதைத் தாண்டினேன்? இதற்குப் பதில் வரவில்லை, டிக்கெட்டை மூடிவிட்டார்கள். உண்மையில் நான் எதிர்பார்த்தது சண்டையும் இல்லை, பணம் திரும்ப வருவதும் இல்லை. பத்து டெராபைட், ஐந்து, ஏன், இரண்டு என்று சொல்லியிருந்தால்கூட ஒரு வரியை மாற்றி எழுதிவிட்டுப் பேசாமல் ஓட்டியிருப்பேன்.

ரிலே என்றால் என்ன என்று தெரியாத சப்போர்ட் ஆட்கள் இதைப் படிக்கலாம், அவர்களுக்காகக் கொஞ்சம். டோர் பயன்படுத்துகிறவருடைய டிராஃபிக் மூன்று ரிலே வழியாகப் போகிறது. முதலாவது ரிலேக்கு அவர் யார் என்று தெரியும், எங்கே போகிறார் என்று தெரியாது. கடைசி ரிலேக்கு, அதாவது வெளியேறும் ரிலேக்கு, எங்கே போகிறது என்று தெரியும், யார் அனுப்பியது என்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய யோசனை இது. 2006இலிருந்து லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு இதன் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ரிலேக்களை ஓட்டுவது அந்த அமைப்பு இல்லை. உலகம் முழுக்கச் சில ஆயிரம் ரிலேக்கள், பெரும்பாலும் என்னைப் போன்ற தனி ஆட்களும் சின்னச் சின்னச் சங்கங்களும் உங்களைப் போன்றவர்களிடம் வாடகைக்கு எடுத்த சர்வர்களில் ஓட்டுவது. அதாவது உங்கள் விதிமுறையில் இருக்கிற ஒரு மங்கலான வாக்கியம் நேராக இந்த நெட்வொர்க்கின் அகலத்தைத் தீர்மானிக்கிறது.

ரிலேக்கு ஒரு விசேஷம் உண்டு. அது எதையும் சேமித்து வைப்பதில்லை. உள்ளே வருகிற ஒவ்வொரு பைட்டும் வெளியே போகும். ஆகவே ஒரு ரிலேயின் டிராஃபிக்கை அளக்கும்போது ஒரு வழியை மட்டும் எண்ணுகிறீர்களா, இரண்டையும் கூட்டுகிறீர்களா என்பதில் கணக்கு அப்படியே இரட்டிப்பாகிவிடும். மற்ற வாடிக்கையாளர்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. இணையதளம் நடத்துகிறவருக்கு உள்ளே வருவது கொஞ்சம், வெளியே போவதுதான் அதிகம். பேக்கப் வைத்திருப்பவருக்கு நேர் எதிர். எங்களுக்கு இரண்டும் சமம்.

வினாடிக்கு 10 மெகாபிட் என்றால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது, வீட்டு இணைப்பே அதற்கு மேல் இருக்கிறது. அதை நாள் முழுக்க இடைவிடாமல் ஓட்டினால் ஒரு நாளைக்கு 108 ஜி.பி., முப்பது நாளில் 3.24 டெராபைட். இது ஒரு வழி. இரண்டு வழியும் சேர்த்தால் ஆறரை டெராபைட்டைத் தொடும். இந்த 10 மெகாபிட்தான் ரிலே நடத்துகிறவர்களுக்கு டோர் அமைப்பு சொல்கிற குறைந்தபட்ச வேகம். 16 இருந்தால் நல்லது என்கிறார்கள். மாதத்துக்குக் குறைந்தது 100 ஜி.பி. வெளியே, அதே 100 ஜி.பி. உள்ளே, முடிந்தால் 2 டெராபைட்டுக்கு மேல் என்பது அவர்கள் சொல்லும் அளவு. இப்போது தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். நீங்கள் மாதம் ஒரு டெராபைட் தருகிறீர்கள், இரண்டு வழியும் கூட்டித்தான் எண்ணுகிறீர்கள் என்றால் ஒரு வழிக்கு 500 ஜி.பி., அதை மாதம் முழுக்கப் பரப்பினால் வினாடிக்கு 193 கிலோபைட். மெகாபிட்டில் ஒன்றரை. இடைவிடாமல் ரிலே ஓட்டுவதற்கு அது போதவே போதாது. நாள் முழுக்கத் திறந்திருக்கிற ரிலேயை அதில் யாரும் வைக்க மாட்டார்கள், நானும் வைக்க மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கைப் பணம் கட்டுவதற்கு முன்னால் போட்டுப் பார்க்க முடிகிறது இல்லையா? எண் தருகிற சௌகரியம் இதுதான். பொருந்தாத இடத்துக்கு நாங்கள் வரவே மாட்டோம், உங்களுக்கும் தலைவலி மிச்சம்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. நீங்கள் ஒரே கிகாபிட்டைப் பல பேருக்கு விற்கிறீர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் முழுசாகப் பயன்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். அதில் தப்பு ஒன்றும் இல்லை, தொழிலே அப்படித்தான் நடக்கிறது. உங்களுக்கு மேலே இருக்கிற நிறுவனம் உங்களிடம் 95 சதவீதக் கணக்கில் பில் போடுகிறது என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, மாதத்தின் உச்சமான ஐந்து சதவீத அளவுகளைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கிற அளவுக்குக் காசு வாங்குவார்கள். முப்பது நாள் மாதத்தில் அந்த ஐந்து சதவீதம் 36 மணி நேரம். திடீரென்று ஒரு நாள் கூட்டம் வந்து போகிற இணையதளத்தின் உச்சம் அந்த 36 மணி நேரத்துக்குள் காணாமல் போய்விடும். ரிலே அப்படிக் கிடையாது, ராத்திரி பகல் என்று பெரிய வித்தியாசம் இல்லாமல் கோடு இழுத்தது போல ஒரே மட்டத்தில் ஓடும். உங்களுக்கு எங்களைப் போல லாபமில்லாத வாடிக்கையாளர் வேறு யாரும் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செலவை விலையில் ஏற்றுங்கள், அளவைக் குறையுங்கள், ரிலே வேண்டாம் என்றே எழுதுங்கள். இதில் எதைச் செய்தாலும் எங்களுக்கு மனவருத்தம் இல்லை. செலவையும் ஏற்றாமல், அளவையும் சொல்லாமல், ‘அன்லிமிடெட்’ என்று கூப்பிட்டுவிட்டுப் பதினாலாவது பிரிவில் ‘நியாயமான பயன்பாடு’ என்று எழுதி வைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

எண்ணை மட்டும் கொடுத்துவிட்டால் மற்றதை டோர் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதன் அமைப்புக் கோப்பில் ‘ரிலேபேண்ட்வித்ரேட்’ என்று ஒரு வரி உண்டு, வினாடிக்கு இவ்வளவு என்று கட்டுப்படுத்த. பக்கத்திலேயே ‘பர்ஸ்ட்’ என்று இன்னொன்று, கொஞ்ச நேரத்துக்கு எவ்வளவு மீறலாம் என்று சொல்ல. மாதக் கணக்குக்கு ‘அக்கவுண்டிங்மேக்ஸ்’. கணக்கு எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதையும் எழுதலாம், உங்கள் பில் தேதியோடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அளவு முடியும் தறுவாயில் ரிலே முதலில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தும், அப்புறம் உறக்கத்துக்குப் போகும், அடுத்த மாதம் தானே எழும். எல்லா ரிலேயும் ஒன்றாம் தேதி நள்ளிரவில் ஒன்றாக எழுந்து இருபதாம் தேதி ஒன்றாகத் தூங்கிவிட்டால் மாதக் கடைசியில் நெட்வொர்க் காலியாகிவிடும் என்பதால், போன மாதம் எவ்வளவு நாளில் அளவு தீர்ந்தது என்று பார்த்து, அதற்கேற்ப மாதத்தின் நடுவில் ஏதோ ஒரு நேரத்தைத் தானே தேர்ந்தெடுத்து எழும். நாங்கள் மெதுவாக எப்போதும் ஓடுவதைவிட, வேகமாகக் கொஞ்ச நாள் ஓடிவிட்டுத் தூங்குவது பயன்படுத்துகிறவருக்கு நல்லது என்று டோரின் கையேடே சொல்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, அடிக்கடி காணாமல் போகிற ரிலேயை முதல் ரிலேயாக வைத்துக்கொள்ள நெட்வொர்க் தயங்கும். ஆனால் அது எங்களுக்குள் இருக்கிற தகராறு. உங்களுக்கு வேண்டியது, சொன்ன அளவைத் தாண்டாத வாடிக்கையாளர். அதற்கு வழி இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இதில் நானே சொதப்பியதும் உண்டு. வேறொரு இடம், அவர்கள் ஒழுங்காக எண் கொடுத்திருந்தார்கள்: மாதம் ஒரு டெராபைட். நானும் அக்கவுண்டிங்மேக்ஸில் ஒரு டெராபைட் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மாதக் கடைசியில் அவர்கள் கணக்கில் 2.2 டெராபைட்டைத் தாண்டி நின்றது. மீட்டர் பொய் சொல்கிறது என்று ஒரு காரசாரமான டிக்கெட் எழுதி, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை சரிபார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நல்லவேளை. டோர் தானாக எடுத்துக்கொள்ளும் விதி, உள்ளே வருவது வெளியே போவது இரண்டில் எது அதிகமோ அதை மட்டும் அளவோடு ஒப்பிடும். கூட்டிப் பார்க்க வேண்டும் என்றால் ‘அக்கவுண்டிங்ரூல்’ என்ற வரியில் ‘சம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் கூட்டி எண்ணினார்கள், நான் சொல்லவில்லை. அதனால் இரண்டு மடங்கு. மிச்சம் 0.2 எங்கிருந்து வந்தது? டோருக்கு ஒரு டெராபைட் என்பது இரண்டின் நாற்பதாம் அடுக்கு, 1,09,951 கோடி பைட் சொச்சம். அவர்களுக்கு டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். கிட்டத்தட்ட பத்து சதவீத வித்தியாசம், ஒரே சொல்லுக்குள். அதற்கு மேல் டோர் தன்னுடைய தரவை மட்டும் எண்ணும், பாக்கெட்டின் (தரவு பயணிக்கும் துண்டின்) தலைப்பில் போகிற பைட்டுகளை எண்ணாது, உங்கள் மீட்டர் எண்ணும். ஆக அந்த மாதம் தப்பு முழுக்க என்னுடையது. அதிகப்படி டிராஃபிக்குக்கு வந்த பில்லைக் கட்டினேன், ஒரு வார்த்தை பேசவில்லை. எண் இருந்ததால்தானே எங்கே தவறினேன் என்று கண்டுபிடிக்க முடிந்தது? முதலில் சொன்ன இடத்தில் அப்படி எதை வைத்துத் தேடுவது?

அதனால் எண்ணைப் போடும்போது கூடவே இதையும் போட்டுவிடுங்கள்: ஒரு வழியா, இரு வழியா. எத்தனையோ விலைப்பட்டியலில் இது இல்லை. சப்போர்ட்டில் கேட்டால் ஒருவர் ஒன்று சொல்கிறார், ஷிஃப்ட் மாறி வருபவர் வேறு ஒன்று சொல்கிறார்.

சரி, ஒரு சர்வர் நின்றால் இன்னொன்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ரிலே பிறந்த அன்றே முழு வேலைக்கு வந்துவிடாது. முதல் மூன்று நாள் அதை யாரும் அளந்திருக்க மாட்டார்கள், அதனால் கிட்டத்தட்ட சும்மா நிற்கும். அப்புறம், பேண்ட்வித்தை அளப்பதற்கென்றே இருக்கிற சில சர்வர்கள் வெளியிலிருந்து அதைச் சோதித்து, ‘பரவாயில்லை, தாங்கும்’ என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போக்குவரத்தை ஏற்றிவிடும். எட்டாம் நாள் வாக்கில் முதல் ரிலேயாக நிற்கும் தகுதி வரும். வந்ததும் வேடிக்கையாக டிராஃபிக் குறையும். முதல் ரிலேயைத்தான் பயனாளர்கள் மாதக்கணக்கில் மாற்றாமல் வைத்துக்கொள்வார்கள், புதிதாக வந்த உங்களை அவ்வளவு சீக்கிரம் யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள், மற்ற இடத்துக்கோ இனி உங்களைக் குறைவாகத்தான் கூப்பிடுவார்கள். இந்தப் பள்ளத்திலிருந்து ஏறி நிலைக்கு வர அறுபத்தெட்டு நாள் ஆகும் என்று டோரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரோஜர் டிங்கிள்டைன் 2013இல் நாள் வாரியாக விளக்கியிருக்கிறார். என் ரிலே எழுபத்துச் சொச்சமாவது நாள் நிறுத்தப்பட்டது என்று மேலே எழுதினேன் அல்லவா? இப்போது அந்தத் தேதியைப் பாருங்கள். இரண்டு மாதம் சும்மா இருந்தவர்கள், அது உருப்படியாக வேலை செய்யத் தொடங்கிய வாரத்தில் பிடித்து நிறுத்தினார்கள்.

அதிலும் நிறுத்தின விதம். நாங்கள் ரிலேயை முறையாக மூடச் சொன்னால் டோர் உடனே செத்துப்போகாது. புதிய ஆட்களை ஏற்பதை நிறுத்திவிட்டு, இருக்கிறவர்கள் முடித்துக்கொள்ள அரை நிமிடம் கொடுத்துவிட்டுத்தான் போகும். நீங்கள் சுவிட்சைத் தட்டினால் அந்த முப்பது வினாடிகூடக் கிடையாது. ரிலேயின் அடையாளச் சாவிகள் அந்த டிஸ்க்கிலேயே மாட்டிக்கொண்டன. அவற்றை முன்பே நகலெடுத்து வைக்காதது என் முட்டாள்தனம், மறுக்கவில்லை. சாவி கையில் இருந்திருந்தால் வேறு சர்வரில் அதே ரிலேயாக எழுந்திருக்கலாம். இல்லாததால் மறுபடி முதல் நாளிலிருந்து. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்னால் ஒரு மெயில் போதும். அல்லது நிறுத்தாமல், அளவு தாண்டியதும் போர்ட்டை 10 மெகாபிட்டுக்கு இறக்கிவிடுங்கள். சில இடங்களில் அப்படிச் செய்கிறார்கள், எனக்குத் தெரிந்து அதைவிட நாகரிகமான முறை கிடையாது. வேகம் குறைந்ததை நெட்வொர்க்கே அளந்து அந்த ரிலேக்கு ஆளைக் குறைத்து அனுப்பும்.

டிராஃபிக் அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் புகார்களைப் பற்றியும் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் உங்கள் மெயில்களில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன: ‘அதிகப்படியான மற்றும் சந்தேகத்துக்குரிய டிராஃபிக்.’ அதிகம் என்பது வேறு, சந்தேகம் என்பது வேறு. வெளியேறும் ரிலேக்குப் புகார் வரும், உண்மைதான். கடைசியாக இணையதளத்தின் கதவைத் தட்டுவது அதன் முகவரி என்பதால் யார் செய்த வம்பும் அதன் தலையில்தான் விழும். அது வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அது உங்கள் உரிமை, முன்பே சொல்லிவிடுங்கள், ஆளை விடுங்கள். ஆனால் முதல் ரிலேயும் நடு ரிலேயும் எந்த இணையதளத்தையும் தொடுவதில்லை, மற்ற ரிலேக்களோடும் டோர் பயனாளர்களோடும் மட்டுமே பேசுகின்றன. அவற்றுக்கும் புகார் வந்த கதை ஒன்று இருக்கிறது.

2024 அக்டோபர் கடைசியில் ரிலே நடத்தும் பலருக்கும் அவரவர் ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து ஒரே மாதிரி மெயில் வந்தது: உங்கள் சர்வர் ஊரார் சர்வர்களின் 22ஆம் போர்ட்டை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வாசலை) ஸ்கேன் செய்கிறது, அதாவது திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறது, உடனே நிறுத்துங்கள். வெளியேறும் ரிலேயே இல்லாதவர்களுக்கும் வந்தது. டோரின் முகவரிப் பட்டியலைப் பராமரிக்கும் சர்வர்களுக்கும் வந்தது. விஷயம் என்னவென்றால் யாரோ எங்கிருந்தோ பாக்கெட் அனுப்பி, அனுப்புநர் இடத்தில் ரிலேக்களின் ஐ.பி. முகவரியைப் பொய்யாக எழுதியிருந்தார்கள். பாக்கெட் வாங்கியவர் கண்ணுக்கு எங்கள் முகவரிதான் தெரியும், அவருடைய தானியங்கிப் புகார் உங்களுக்கு வரும், உங்களுடைய தானியங்கி எங்களை நிறுத்தும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். நடுவில் ஒரு மனிதர் கூடப் பார்க்கவில்லை என்பதை நம்பித்தான் அந்த ஆள் இதைச் செய்திருக்க வேண்டும். நவம்பர் 7ஆம் தேதி பாக்கெட் கிளம்பிய இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்தினார்கள். அதற்குள் சில ரிலேக்கள் தற்காலிகமாக இழுத்து மூடப்பட்டிருந்தன.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் சர்வரில், போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியை ஓட்டிப் பார்த்தால், வெளியே போகும் திசையில் 22ஆம் போர்ட்டுக்கு இணைப்பைத் தொடங்கும் பாக்கெட் ஒன்றுகூட இருக்காது. உள்ளே மட்டும், கேட்காத கேள்விகளுக்குப் பதில்கள் வந்து விழுந்துகொண்டிருக்கும். முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து ‘சரி, பேசலாம்’ என்று சில, ‘இங்கே யாரும் இல்லை’ என்று சில. நாம் தட்டாத கதவுகளெல்லாம் நமக்குப் பதில் சொல்கின்றன என்றால் வேறு யாரோ நம் பெயரைச் சொல்லித் தட்டுகிறார்கள் என்று அர்த்தம். உங்கள் ரவுட்டரில் இருந்தே இதைப் பார்க்க முடியும், எங்கள் சர்வருக்குள் வரவே வேண்டாம். அப்புறம், தன் வாடிக்கையாளர் தன்னுடையது இல்லாத முகவரியை எழுதி வெளியே அனுப்பினால் அதை வாசலிலேயே தடுக்க வேண்டும் என்று இணைய நடைமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 2827 சொல்லி 2000ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து எத்தனை வருடம் ஆகிவிட்டது! எல்லா நிறுவனமும் அதைச் செய்திருந்தால் அந்த மெயில்களுக்கு வேலையே இருந்திருக்காது. எங்களிடம் விதிமுறை பேசுவதற்கு முன்னால் உங்கள் நெட்வொர்க்கில் அந்தத் தடுப்பு இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

டிடாஸ் (பல இடங்களிலிருந்து டிராஃபிக்கைக் கொட்டி முடக்கும் தாக்குதல்) தடுப்புப் பெட்டிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒரு ரிலே மற்ற ரிலேக்களோடு ஆயிரக்கணக்கில் இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும், அதன் இயல்பே அது. பெரிய வெளியேறும் ரிலேயில் லட்சத்தைத் தாண்டும். உங்கள் பெட்டிக்கு இது தாக்குதல் மாதிரி தெரிகிறது. இந்த ஐ.பி. ரிலேயா என்று தெரிந்துகொள்ள எங்களைக் கேட்கக்கூட வேண்டாம், ரிலேக்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது, மணிக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுகிறது, ஐ.பி.யைப் போட்டுத் தேடினால் எப்போதிலிருந்து ஓடுகிறது, எவ்வளவு வேகம், நடத்துபவரின் தொடர்பு முகவரி எல்லாம் வரும். மறைக்கிறவன் பெயரைப் பலகையில் எழுதி மாட்ட மாட்டான்.

இதையெல்லாம் யாருக்காகச் செய்கிறீர்கள், கெட்டவர்களுக்குத்தானே என்று சிலர் கேட்பார்கள். இந்த வாதத்துக்குள் நான் ரொம்ப நேரம் போகப்போவதில்லை. ஃபேஸ்புக் 2014இலும் பி.பி.சி. 2019இலும் டோருக்குள்ளேயே தங்களுக்கென்று முகவரி வைத்தன, தணிக்கை இருக்கிற நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்காக. அடிக்கிற கணவனிடமிருந்து தப்பிக்க வழி தேடுகிறவரும், வேலை செய்யும் இடத்து ஊழலைப் பத்திரிகையாளரிடம் சொல்கிறவரும் அதே மூன்று ரிலே வழியாகத்தான் போகிறார்கள். கெட்டவர்களும் போகிறார்கள். பிரித்துப் பார்க்க என்னால் முடியாது, முடியாமல் இருப்பதால்தான் மற்றவர்களுக்கு அது பயன்படுகிறது.

உங்களுக்கு இதில் வேறு ஒரு பொறுப்பும் இருக்கிறது, நீங்கள் கேட்டு வாங்கியது இல்லை என்றாலும். எங்களைப் போன்றவர்கள் துரத்தப்பட்டு, துரத்தாத இடமாகப் பார்த்துப் போய் ஒண்டுகிறோம். அதனால் ரிலேக்கள் சில நாடுகளிலும், அதற்குள் சில நிறுவனங்களிலும் குவிந்துகிடக்கின்றன. ஒருவருடைய பாதையின் முதல் ரிலேயும் கடைசி ரிலேயும் ஒரே நிறுவனத்தின் வயரில் இருந்தால், அந்த வயரைப் பார்க்கிறவர் நேரத்தையும் அளவையும் பொருத்தி ஆளைக் கண்டுபிடிக்கலாம். புதிதாக ஒரு சின்ன நிறுவனம் மாதம் மூன்று டெராபைட் என்று நேர்மையாக எழுதி ஒரு ரிலேக்கு இடம் கொடுத்தாலும் அது ஏற்கெனவே நிரம்பி வழிகிற இடத்தில் பத்தோடு பதினொன்றாக இன்னொரு ரிலே வைப்பதைவிட நெட்வொர்க்குக்கு மேல். ஆகவே எங்களிடம் அவ்வளவு பேண்ட்வித் இல்லையே என்று சின்ன நிறுவனங்கள் தயங்க வேண்டாம். அளவைச் சொல்லுங்கள், அதற்குள் நாங்கள் அடங்கிக்கொள்கிறோம்.

எங்கள் பக்கம் என்ன செய்வோம் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ரிலே வைத்துவிட்டு மெயிலே பார்க்காத ஆட்களும் எங்களில் உண்டு, அவர்களால் நீங்கள் பட்ட எரிச்சல் என் தலையில் விடிந்திருக்கிறது. சர்வர் எடுக்கும்போதே ரிலே என்று சொல்வோம். தொடர்பு முகவரியை ரிலேயின் விவரத்திலேயே போட்டு வைப்போம், புகார் வந்தால் ஒரு நாளுக்குள் பதில் சொல்வோம். நீங்கள் தரும் அளவில் பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டு மீதியை மட்டும் அக்கவுண்டிங்மேக்ஸில் எழுதுவோம், இரு வழியும் கூட்டி. நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை டோர் தன் லாகில் (பதிவேட்டில்) ஒரு வரி எழுதும்: இத்தனை நாளாக ஓடுகிறேன், இவ்வளவு அனுப்பினேன், இவ்வளவு வாங்கினேன் என்று. அதையும் சர்வரில் டிராஃபிக்கை எண்ணும் விஎன்ஸ்டாட் மென்பொருளின் கணக்கையும் உங்கள் பேனலில் தெரிகிற எண்ணையும் வாரம் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மூன்றும் ஒன்றாக இருந்ததே இல்லை, ஆனால் ஏன் இல்லை என்று இப்போது எனக்குச் சொல்லத் தெரியும்.

புது ரிலே நாற்பத்தொன்றாம் நாளில் இருக்கிறது, பள்ளத்தில். அந்த நிறுவனத்தின் பக்கத்தில் எண் போட்டிருக்கிறது, 20 டெராபைட் என்று. ஒரு வழியா இரு வழியா என்று போடவில்லை. பதினைந்து நாளுக்கு முன் கேட்டு அனுப்பிய டிக்கெட் இன்னும் திறந்தே இருக்கிறது. ஒன்றாம் தேதி அடுத்த மாத வாடகை கட்ட வேண்டும், அதற்குள் யாராவது ஒருவர் அந்த டிக்கெட்டில் ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு ரிலே நடத்துபவன்